கைவேலையில் கெட்டிக்காரன், வாசிப்பில் தடுமாறுகிறான்: பள்ளியை விட்டு நிறுத்திவிடலாமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

மகனுக்குப் பத்து வயது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். வீட்டில் கெட்டுப்போன மேசை விசிறியைப் பிரித்து, துடைத்து, மறுபடி ஓடவைக்கிறான். தைப்பூசக் காலத்தில் காவடி கட்டிக்கொடுக்கும் தாத்தாவுக்கு அவன்தான் வலது கை. ஆனால் பாடப்புத்தகத்தை எடுத்தால் நான்கு வரி வாசிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடுகிறது. சொல்வதெழுதுதலில் பத்துக்கு இரண்டு, மூன்று. உறவினர் ஒருவர் அவன் காதுபடவே ‘மந்தம்’ என்று சொல்லியிருக்கிறார். அந்த வேதனையில், பேரங்காடி ஒன்றில் கடை விரித்திருந்தவர்களிடம் பணம் கட்டி, மகனின் பத்து விரல் ரேகைகளையும் பதிய வைத்திருக்கிறார் இந்தத் தாய். ‘வலது மூளைக் குழந்தை, செய்து பார்த்துக் கற்பவன், வழக்கமான பள்ளி இவனுக்கு ஒத்துவராது’ என்று அறிக்கை வந்திருக்கிறது. அதே ஆட்கள் கைகாட்டிய, தேர்வே இல்லாத ‘கற்றல் மையத்தில்’ மாதம் 900 ரிங்கிட் கட்டிச் சேர்க்கலாமா, அது முடியாவிட்டால் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் கணவர், ‘தமிழ்ப்பள்ளியை விட்டு எடுக்கவே கூடாது’ என்கிறார். மாமியார் கைத்தொலைபேசியைக் குறை சொல்கிறார். கடிதத்தின் கடைசி வரி: ‘நான் முட்டாளா அம்மா என்று கேட்கிறான். நான் என்ன பதில் சொல்வது?’

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், அதற்கு இன்றைக்கே பதில் வேண்டும். ‘நீ முட்டாள் இல்லை கண்ணு’ என்று மட்டும் சொன்னால் அவன் நம்பமாட்டான். அதற்கு எதிரான சாட்சியத்தை அவன் தினமும் வகுப்பறையில் பார்த்துக்கொண்டிருக்கிறான். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ‘வாசிப்பது உனக்குச் சிரமமாக இருக்கிறது. ஏன் என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. கண்டுபிடிக்கப் போகிறோம். இனி யாராவது மந்தம் என்று சொன்னால் என்னிடம் வந்து சொல், நான் பேசிக்கொள்கிறேன்.’ பத்து வயதுப் பிள்ளைக்கு ‘தெரியவில்லை’ என்ற பதில் தாங்கும். பொய்யான ஆறுதல்தான் தாங்காது. அந்த உறவினரிடம் நீங்கள் உண்மையிலேயே பேசவும் வேண்டும். நாசூக்காகப் பேச வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

ரேகை அறிக்கையை மறந்துவிடுங்கள்

இதைச் சொல்வதற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அன்பினால் செய்த செலவு அது. விரல் ரேகைகள் கருவின் ஐந்தாம் மாதத்துக்குள் அமைந்துவிடுகின்றன. அவற்றை வைத்து ஒரு பிள்ளைக்கு இசை வருமா, கணிதம் வருமா, எப்படிச் சொல்லிக்கொடுத்தால் ஏறும் என்று கணிப்பதற்கு எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. இந்தியாவில் இந்த வியாபாரம் பெருகியபோது அங்குள்ள மனநல மருத்துவர் சங்கமே இதற்கு அடிப்படை கிடையாது என்று அறிவித்தது. நம் ஊரில் கைரேகை பார்ப்பவரிடம் போயிருந்தால் இதைவிடக் குறைந்த பணத்தில் இதைவிட நல்ல செய்தி கிடைத்திருக்கும்!

‘வலது மூளைக் குழந்தை’ என்பதும் அப்படித்தான். 2013-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை வைத்துச் சோதித்தார்கள். இன்னார் இடது மூளைக்காரர், இன்னார் வலது மூளைக்காரர் என்று பிரிக்கும்படியாக எதுவும் தென்படவில்லை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளை வகை பிரித்து, அந்தந்த வகைக்கு ஏற்பச் சொல்லிக்கொடுத்தால் கூடுதல் பலன் கிடைக்கும் என்பதற்கும் தக்க சான்று இல்லை என்று 2008-இலேயே உளவியலாளர்கள் நால்வர் ஆய்வுகளையெல்லாம் அலசிச் சொல்லிவிட்டார்கள். ‘பல்வகை அறிவுத்திறன்’ என்ற கருத்தை 1983-இல் முன்வைத்த ஹோவர்ட் கார்ட்னர்கூட, தாம் சொன்னதும் இந்தக் கற்றல் பாணிகளும் ஒன்றல்ல என்று பிற்பாடு விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அவருடைய கொள்கையையே பல உளவியலாளர்கள் ஏற்பதில்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவு நான் அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அறிக்கை உங்கள் மகனின் ஒரு பாதியைப் புகழ்ந்துவிட்டு மறுபாதியைக் கைகழுவுகிறது. ‘இவன் வேறு வகை, வாசிப்பு இவனுக்குத் தேவையில்லை’ என்ற முடிவுக்கு உங்களைக் கொண்டுபோய் விடுகிறது. கைத்திறனைக் காரணம் காட்டி எழுத்துச் சிக்கலை விட்டுவிடுவதும், எழுத்துச் சிக்கலைக் காரணம் காட்டிக் கைத்திறனைத் தடுத்துவைப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். முதலாவதை அந்தக் கடைக்காரர் செய்கிறார். இரண்டாவதைப் பள்ளி செய்துகொண்டிருக்கிறது.

காவடியும் நோட்டுப் புத்தகமும்

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை வாசித்த பகுதி, தாத்தாவோடு அவன் செய்யும் வேலையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பத்தி. அட்டையை இரண்டாக மடித்து ஒரு பக்கத்துக்கு மட்டும் வளைவை வரைந்து வெட்டுகிறான், பிரித்தால் இரண்டு சிறகும் ஒரே அளவாக வந்துவிடுகிறது. அந்த அச்சை வைத்துத் தாத்தா அலுமினியத் தகட்டை வெட்டுகிறார். மயிலிறகுக் கட்டுகளைச் சொருகும்போது எந்தப் பக்கம் கனக்கிறது என்று, சட்டத்தை நடுவில் ஒரு விரலால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிறான். சகோதரி, சமச்சீரும் ஈர்ப்பு மையமும் பாடமாக வருவதற்கு முன்பே அவற்றைக் கையால் தெரிந்து வைத்திருக்கிறான் இந்தப் பையன். தண்ணீர்மலைக் கோயிலின் படிகளை ஒருவர் அந்தக் காவடியோடு ஏறி முடிக்கிறார் என்றால் அந்தக் கணக்கு சரியாக இருந்தது என்று பொருள். இதைவிடக் கறாரான தேர்வு ஏது?

இப்போது நீங்கள் படம் எடுத்து அனுப்பியிருந்த நோட்டுப் புத்தகப் பக்கத்துக்கு வருகிறேன். ‘கோவில்’ என்ற சொல்லை ‘கேவில்’ என்று எழுதியிருக்கிறான், துணைக்கால் விடுபட்டிருக்கிறது. கீழே ‘பாடம்’ என்பது ‘படம்’ ஆகியிருக்கிறது. புள்ளிகள் பாதி இடங்களில் இல்லை. ல, ள, ழ குழப்பத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, அது நம்மில் பெரியவர்களுக்கே உண்டு. மலாயில் ‘புக்கு’ (புத்தகம்) எழுதச் சொன்னால் ‘டுக்கு’ பழத்தை எழுதிவைக்கிறான் என்று சிரித்தபடி குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் வலுத்தது. தமிழ் எழுத்துகள் 247, கற்றுத் தேறக் காலம் பிடிக்கும். ஆங்கிலத்திலோ எழுத்தும் உச்சரிப்பும் ஒத்துப்போவதில்லை. ஆனால் மலாய் பெரும்பாலும் ஒலிப்பதை அப்படியே எழுதும் மொழி. நான்காம் ஆண்டிலும் ரூமி என்னும் ரோமன் எழுத்துகளில் ‘பி’யும் ‘டி’யும் இடம் மாறுகின்றன, அதே பையன் தமிழில் துணைக்காலையும் புள்ளியையும் தவறவிடுகிறான் என்றால், சோம்பேறித்தனமும் கைத்தொலைபேசியும் அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன். ஒரு கடிதத்தையும் ஒரு படத்தையும் வைத்து யாரும் அதை உறுதி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பார்வையோ செவியோ காரணமாக இருந்தால் அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டுக் குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான் கட்டணம். அங்கே கண்ணும் காதும் பார்த்துவிட்டு, குழந்தை நல நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் செபராங் ஜெயா மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்க வேண்டிவரும். அதற்காகப் பேரங்காடிக்குத் திரும்பிப் போய்விடாதீர்கள்.

இது டிஸ்லெக்சியாதான் என்று தெரியவந்தால் இடிந்துபோக வேண்டியதில்லை. அதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் தொடர்பில்லை. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக, வெளிப்படையாக, திரும்பத் திரும்ப இணைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறையால் பெரும்பாலான பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறுகிறது. மெதுவாகத்தான் முன்னேறும். தமிழில் இதற்கு வசதியான ஒரு வாசல் உண்டு. க், ஓ இரண்டையும் சேர்த்தால் கோ, அதைப் பிரித்தால் மறுபடி க், ஓ. விசிறியைக் கழற்றி மாட்டும் பையனுக்கு இந்த விளையாட்டு பிடிக்கும். (‘செய்து கற்பவன்’ என்பதால் அல்ல, ஆர்வம் இருக்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் நன்றாகக் கற்கும் என்பதால்தான்.) தவறாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுத வைக்கும் தண்டனையை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். சில நேரம் பத்து முறையும் தவறாகவே எழுதி, அதையே மனத்தில் பதித்துக்கொள்வான்.

நிறுத்திவிட்டால் சட்டம் என்ன சொல்லும்?

இதில் நீங்கள் நினைத்திருப்பது தவறு. ‘என் பிள்ளை, என் விருப்பம்’ என்று எழுதியிருந்தீர்கள். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 29ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாகிவிட்டது. ஆறு வயதில் பிள்ளையைப் பதிவு செய்ய வேண்டும், ஆறாண்டுப் படிப்பு முடியும்வரை பள்ளியில் வைத்திருக்க வேண்டும். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க விரும்பினால் கல்வி அமைச்சிடம் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். உடல்நலக் காரணம் போன்ற வலுவான காரணம் இல்லாமல் அது எளிதில் கிடைப்பதில்லை. ‘பள்ளி பிடிக்கவில்லை’ என்பது அங்கே எடுபடாது.

கற்றல் மையங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கல்வி அமைச்சில் முறையாகப் பதிவு பெறாத மையத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அவன் பள்ளியில் படிக்கிறான் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இன்னொன்றையும் யோசியுங்கள். நாளை அவனுக்கு ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழ் வேண்டுமென்றால் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். தேர்வே இல்லாத இடத்தில் மூன்று, நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு, வாசிப்புச் சிக்கலும் தீராமல் அந்த வாசலில் போய் நிற்பவனின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒத்துவராத பள்ளியிலிருந்து அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, திரும்பி வர வழியில்லாத இடத்தில் விட்டதாகிவிடும்.

பள்ளியிடம் என்ன கேட்பது?

நம் பள்ளிமுறை பிள்ளைகளின் தனித்திறனைக் கொல்கிறது என்ற உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சொல்வதெழுதுதல், பயிற்சி நூல், மாதிரித் தேர்வுத்தாள், பிரத்தியேக வகுப்பு என்று நாம் ஒரே ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஏற முடியாதவனை மந்தம் என்கிறோம். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ரத்தானது. ஆனாலும் பல வீடுகளிலும் பல பள்ளிகளிலும் அந்தத் தேர்வு இன்னும் மனத்தளவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பெற்றோர்களாகிய நமக்கும் அதில் பங்கு உண்டு. மதிப்பெண் பட்டியல் கேட்டு நச்சரிப்பது யார்?

ஆனால் மாற்றம் கேட்க நீங்கள் பள்ளியைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் ஒரு மாணவனின் அடைவுநிலையை 1 முதல் 6 வரை ஆசிரியர்தான் தீர்மானிக்கிறார். எழுத்துத் தேர்வு ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்று விதி இல்லை. வாய்மொழியாகச் சொல்வது, செய்து காட்டுவது, படைப்பது எல்லாமே கணக்கில் வரலாம். ஆகவே தலைமையாசிரியரிடம் போய் ‘என் மகனைக் கவனியுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எல்லாத் தாய்மாரும் அதையேதான் சொல்கிறார்கள். காரியம் நடக்கும்படி கேளுங்கள்:

• டிஸ்லெக்சியா இருக்கக்கூடுமா என்று பார்க்கக் கல்வி அமைச்சின் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. வகுப்பாசிரியரோ, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் குறைநீக்கல் ஆசிரியரோ அதை நிரப்பித் தரட்டும். மருத்துவரிடம் போகும்போது அது கையில் இருந்தால் நல்லது.

• அறிவியல், கணிதம் போன்ற பாடங்களில் அவனுக்குக் கேள்வியை வாசித்துக் காட்டி, வாயால் பதில் சொல்ல விடமுடியுமா? வாசிக்கத் தெரியாததால் அறிவியலிலும் தோற்கிறானா, அறிவியலே தெரியாமல் தோற்கிறானா என்பது அப்போது விளங்கிவிடும். நான் பந்தயம் கட்டுவதானால் முதலாவதற்குத்தான் கட்டுவேன்.

• எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல வேண்டாம். முன்கூட்டியே வீட்டில் பழகிய பத்தி என்றால் பரவாயில்லை.

• நான்காம் ஆண்டில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்ற பாடம் தொடங்கிவிட்டது. அதில் ஒரு காவடி மாதிரியைச் செய்து வகுப்புக்கு விளக்கும் வாய்ப்பை அவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். தாத்தாவும் கூட வரலாம்.

கடைசியாகச் சொன்னதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அவன் வகுப்பிலேயே, அவனோடு படிக்கும் பிள்ளைகள் முன்னிலையில், ஒரு விஷயத்தில் அவன் கைதேர்ந்தவன் என்பது தெரிய வேண்டும். வீட்டில் கிடைக்கும் நூறு பாராட்டுகள் அதற்கு ஈடாகாது.

உங்கள் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைவு, அதனால் தரமும் குறைவாக இருக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. அதை நாம் ஒரு சாபமாகவே பேசிப் பழகிவிட்டோம். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிந்த ஆசிரியர், சிறிய வகுப்பு என்பதைத்தான் அனைத்துலகப் பள்ளிகள் பெரும் கட்டணத்துக்கு விற்கின்றன. உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி ஆசிரியரைக் கேட்பதுதான் பாக்கி.

ஊனமுற்றோர் அட்டை என்றால் முத்திரையா?

மருத்துவர் டிஸ்லெக்சியாவை உறுதி செய்தால், சமூக நல இலாகாவில் ‘கற்றல் குறைபாடு’ பிரிவில் பதிந்து ஓகேயு (ஊனமுற்றோர்) அட்டை பெறலாம். கட்டாயமில்லை. சிறப்புக் கல்வித் திட்டத்தில் சேரும் மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. சாதாரண வகுப்பிலேயே ஆதரவோடு படிக்கும் உள்ளடக்கிய முறையும் இருக்கிறது. எஸ்பிஎம் எழுதும்போது கூடுதல் நேரம் கேட்கவும் இந்தப் பதிவு உதவும். ஊர் என்ன சொல்லும் என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊர் ஏற்கெனவே அவனுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெயரில் எந்தச் சலுகையும் கிடைக்காது.

உங்கள் கணவருக்குச் சில வார்த்தைகள்

தமிழ்ப்பள்ளியை விடக்கூடாது என்கிறார். 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பில்தான் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வரலாறு ஆரம்பிக்கிறது. அந்த மண்ணிலிருந்துகொண்டு அவர் அப்படிச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பள்ளியில் வைத்திருப்பது ஒன்று, பள்ளியில் கற்க வைப்பது வேறொன்று. தலைமையாசிரியரைப் பார்க்கப் போகும் நாளில் அவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வரட்டும். பல பள்ளிகளில் தாய் தனியாக வந்தால் ‘அம்மா கவலைப்படுகிறார்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள், இருவரும் வந்தால் குறிப்பெடுக்கிறார்கள். இது நியாயமில்லை, ஆனால் நடப்பு அதுதான்.

‘கைவேலையை நம்பிப் பிழைக்க முடியுமா’ என்று அவர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். பாயான் லெப்பாஸில் வேலை செய்துகொண்டு அவர் இப்படிக் கேட்கலாமா! 1972 முதல் அந்த வட்டாரத்தை வளர்த்தது இயந்திரங்களைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகளும்தான். அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஆள் பயிற்றுவிக்கவே 1989-இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் அங்கே தொடங்கப்பட்டது. இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்துக்குப் பிறகு தொழிற்கல்விக் கல்லூரிக்குப் போகலாம். பத்து லஞ்சாங், நிபோங் திபால் போன்ற இடங்களில் இருக்கின்றன. டிப்ளோமா வரை அங்கேயே படிக்கலாம். வரைவதிலும் சிற்பத்திலும் அவன் மனம் போனால் அரசாங்கக் கலைப்பள்ளிகளும் உண்டு. ஆனால் இன்றே அவனை ஒரு பெட்டிக்குள் போட வேண்டாம். பத்து வயதில் காவடி கட்டுபவன் பதினைந்து வயதில் வேறெதையாவது விரும்பலாம். அதற்கும் அவனுக்கு எழுத்து தேவை, ஒரு வயரிங் வரைபடத்தின் அடிக்குறிப்பை வாசிப்பதற்காவது.

ஒரு சனிக்கிழமை அவனைப் பினாங்குத் தீவின் கொம்தார் கட்டடத்தில் இருக்கும் டெக் டோம் அறிவியல் மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கப்பலில் ஏறிப் போய்விட்டு வரலாம். எதையும் கற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டாம், எந்தப் பொருளின் முன் அதிக நேரம் நிற்கிறான் என்று மட்டும் பாருங்கள். எந்த ரேகை அறிக்கையையும்விட அது உங்களுக்கு நம்பகமான தகவல்.

கற்றல் மையத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு இந்த மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கட்டாதீர்கள். தொலைபேசியில் கேட்டால், கல்வி அமைச்சின் பதிவுச் சான்றிதழ் நகலையும், வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே யார் தகுதி பெற்றிருக்கிறார் என்பதையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மருத்துவரின் அறிக்கை வந்ததும், அதையும் பள்ளியில் என்ன சொன்னார்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.